ரத்தப் பையில் எச்.ஐ.வி.: எலைசாவுக்கு முன்னும் பின்னும்

ரத்த மையத்தின் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வியே "எந்த கிட் (சோதனைப் பொருள்கள் அடங்கிய பெட்டி) போடுறீங்க?" என்பதுதான். கிட் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் ரத்தம் டியூபில் இறங்குவதற்கு முன் நடப்பதும், ரிசல்ட் வந்தபின் நடப்பதும்தான் ரத்த மையத்தில் வேலை செய்யும் எங்களுக்குக் கூடுதல் கவலை. கிட்டை வாங்கிவிடலாம். மற்ற இரண்டையும் தினமும் உழைத்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

இந்தியாவில் ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி.க்குச் சோதிப்பது 1989 முதல் கட்டாயம். காசுக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பு நிறுத்தியது. 1998 ஜனவரி முதல் தடை நடைமுறைக்கு வந்தது. இத்தனைக்கும் பிறகு ஆபத்து எங்கே மிஞ்சுகிறது? தொற்று உடலுக்குள் வந்துவிட்டது, சோதனை இன்னும் அதைக் காட்டவில்லை. அந்த இடைவெளி நாட்களில்தான். வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை மட்டும் தேடும் மூன்றாம் தலைமுறை எலைசா என்ற ரத்தச் சோதனைக்கு அது சுமார் 22 நாள். வைரஸின் புரதமான பி24 ஆன்டிஜெனையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைக்கு ஏறக்குறைய 16, 17 நாள். வைரஸின் மரபுப்பொருளையே தேடும் நாட் சோதனைக்கு 10 நாளை ஒட்டி. எதற்கும் பூஜ்யம் கிடையாது.

மீதி ஆபத்தைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். புரிவதற்காக ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். திரும்பத் திரும்ப வரும் கொடையாளர்கள் 10,000 பேரில் ஓர் ஆண்டில் ஒருவருக்குப் புதிதாகத் தொற்று வருகிறது. 22 நாளை 365 ஆல் வகுத்து, 10,000 ஆலும் வகுத்தால், ஏறக்குறைய 1,66,000 பைகளில் ஒன்று சோதனையில் தப்பும். இடைவெளி 11 நாள் என்றால் ஆபத்து பாதியாகும். புதுத் தொற்று பத்து மடங்கானால் ஆபத்தும் பத்து மடங்கு. அந்த இடத்தில் நாட் வைத்தும் ஈடுகட்ட முடியாது. அதனால்தான் ரியாக்டிவ் (சோதனையில் தொற்று இருப்பதாகக் காட்டிய பைகள்) எண்ணிக்கையை மொத்தமாகக் கூட்டிவைப்பது போதாது. முதல்முறை வந்தவர், மறுபடி வந்தவர், நோயாளிக்குப் பதிலாகக் கொடுக்க வந்த உறவினர், எந்த முகாம் என்று பிரித்து எழுத வேண்டும். உறவினர் பிரிவில் கூடுதல் கவனம் தேவை. "உன் அண்ணனுக்கு ஆபரேஷன், நீ கொடுக்கலையா?" என்று குடும்பமே சுற்றி நிற்கும்போது யார் உண்மையைச் சொல்வார்? கேள்விப் படிவத்தைத் தனி அறையில், உறவினரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும். மருத்துவர் மறுத்தால் ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே என்பது போன்ற பொதுக் காரணத்தோடு அவர் கௌரவமாக வெளியேற வழி இருக்க வேண்டும்.

அடுத்து முகாம். நான்கு கட்டில், ஒரே டெக்னீஷியன், வெளியே வரிசை. பையின் எண், பைலட் டியூப் (சோதனைக்காகத் தனியே ரத்தம் எடுக்கும் குழாய்) எண், படிவத்தின் எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். டியூபில் ஸ்டிக்கர் கட்டிலருகிலேயே ஒட்ட வேண்டும். டியூபைத் தட்டில் வைத்துவிட்டு, "மொத்தமா அப்புறம் ஒட்டிக்கலாம்" என்று விட்டால், இரண்டு டியூப் இடம் மாறுவதற்கு ஒரு நிமிடம் போதும். அப்படி மாறினால் நல்ல பை குப்பைக்கும் தொற்றுள்ள பை ஃபிரிட்ஜுக்கும் போகும்; எந்த இயந்திரமும் அதைப் பிடிக்காது. ரியாக்டிவ் வந்தால் அந்தப் பையின் குழாயில் சீல் செய்த துண்டிலிருந்தே மீண்டும் ஒரு சோதனை போடுங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் அன்றைய பைகள் அத்தனையையும் நிறுத்துங்கள்.

எலைசா மேசையில் தவறு பெரும்பாலும் சோதனைத் தட்டின் குழிகளைக் கழுவும்போது வருகிறது. கழுவும் இயந்திரமான வாஷரின் நுனி ஒன்று அடைத்திருந்தால் அந்த வரிசைக் குழிகள் மட்டும் ரியாக்டிவ் போல மஞ்சளடிக்கும். தட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ரியாக்டிவ் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நின்றால் சந்தேகம் வாஷர்மீதுதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிட்டை அறை வெப்பத்துக்கு வரவிடாமல் உடனே போடுவது, ஃபைப்ரின் நூல் (ரத்தம் உறையும்போது உண்டாகும் இழை) மிதக்கும் சீரத்தை உறிஞ்சுவது ஆகிய இரண்டும் அடிக்கடி நடக்கும். எல்லாவற்றையும்விட அபாயம், சாம்பிளே விழாத குழி. அது சுத்தமான நெகட்டிவாகத்தான் படிக்கும். சாம்பிள் விழுந்ததும் நிறம் மாறும் கிட் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். கன்ட்ரோல் (விடை முன்பே தெரிந்த ஒப்பீட்டுச் சாம்பிள்) வரம்புக்குள் இல்லை என்றால் தட்டு முழுவதும் செல்லாது. "சாம்பிள் எல்லாம் நெகட்டிவ்தானே" என்ற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை.

நாட் வாங்கிவிட்டால் எலைசா வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை எடுப்பவரின் ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைந்து நாட் சோதனையில் தெரியாமல் போகலாம்; எதிர்ப்பொருள் அப்போதும் இருக்கும். இரண்டும் வேண்டும்.

இனி ரிசல்ட் வந்தபின். 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது தமிழ்நாட்டையே உலுக்கியது. அந்தக் கொடையாளர் 2016-இல் கொடுத்தபோதே தொற்று தெரிந்திருந்தும் அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. அந்த வேதனை ஒவ்வொரு ரத்த மையத்தின் பதிவேட்டையும் மாற்றியிருக்க வேண்டும்.

ரியாக்டிவ் பையை உடனே தனியே பூட்டுங்கள். அதிலிருந்து பிரித்த சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றும் ஒன்றாக நிற்க வேண்டும். அவர் முன்பு கொடுத்திருந்தால் பழைய எண்களையும் தேடுங்கள். உறைந்த பிளாஸ்மா ஓர் ஆண்டுவரை ஃப்ரீஸரில் இருக்கும். முந்தைய முறை கொடுத்தது இன்னும் அங்கேயே கிடக்கலாம். ஏற்றிவிட்டிருந்தால் அந்த நோயாளியைக் கண்டுபிடித்துச் சோதிக்க வேண்டும்.

கொடையாளரை அழைக்கப் படிவத்தில் இரண்டு செல் எண்ணாவது வாங்கி, அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துச் சரிபாருங்கள். போனில் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், வேறு யாரேனும் எடுத்தால் ஒரு வார்த்தையும் வேண்டாம். "ஒருமுறை நேரில் வந்துட்டுப் போங்க, டாக்டர் பேசணும்னு சொன்னாங்க" என்றால் போதும். வந்தபின் ஆலோசகர் அவரை நம்பிக்கை மையத்துக்கு (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) அனுப்புவார். எங்கள் எலைசா வடிகட்டும் சோதனைதான், உறுதி செய்வது அங்கேதான். வராவிட்டால் மறுபடி அழைக்க வேண்டும். அழைத்த தேதி, நேரம், யார் பேசினார் என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். அவர் அடுத்த முகாமில் கை நீட்டும்போது ரத்தம் எடுக்கக் கூடாதவர்களின் பட்டியலில் அவர் பெயர் தெரிய வேண்டும்.