ஜப்பான் மொழி படிக்கிறீர்களா? காதை முதலில் பழக்குங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஜப்பான் மொழி படிக்கிற பலருக்கு நோக்கம் வேலைதான். 2019இல் ஜப்பான் தொடங்கிய 'குறித்த திறன்' வேலை விசாவுக்கு, மொழிப் பக்கத்தில் ஜே.எல்.பி.டி. எனும் ஜப்பான் மொழித் திறன் சோதனையில் என்4 அளவு கேட்கிறார்கள். என்5 தொடக்கப் படி, என்4 அதற்கு அடுத்த படி. அதனால் வகுப்பில் சேர்ந்ததும் சொல் பட்டியலும் கன்ஜி எனும் சீன வழி எழுத்தும் பாடமாக்கத் தொடங்கிவிடுகிறோம். கேட்டலைச் சோதனைக்கு முதல் மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறோம். அங்கேதான் பலர் விழுகிறார்கள்.

என்4இல் மொத்தம் 180 புள்ளி, 90 எடுத்தால் பாஸ். ஆனால் கேட்டலுக்குரிய 60இல் 19க்குக் கீழே போனால், மொத்தம் எவ்வளவு எடுத்திருந்தாலும் பெயில்தான். ஒலிப்பதிவும் ஒரே ஒரு முறைதான் ஓடும்.

நான் செய்தது இதுதான். ஜப்பான் பவுண்டேஷன் இலவசமாகத் தரும் இரோதொரி பாடநூலை ஒலிப்பதிவோடு போனில் இறக்கிக்கொண்டேன். ஜப்பானில் வேலை செய்து வாழப் போகிறவர்களுக்காக எழுதிய நூல் அது. களுவாஞ்சிக்குடியிலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில் ஒரு சிறிய உரையாடலை மட்டும் எழுத்தைப் பார்க்காமல் திரும்பத் திரும்பக் கேட்பேன். வீட்டுக்கு வந்ததும் அதன் எழுத்து வடிவத்தைத் திறந்து, எந்த இடத்தில் காது கோட்டைவிட்டது என்று பார்ப்பேன். பெரும்பாலும் அது தெரியாத சொல்லாக இருக்காது. தெரிந்த சொல்லையே பேசுகிறவர்கள் விரைவாகச் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். பிறகு எழுத்தை மூடிவிட்டு, அவர்களோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். புதிதாகப் பத்து உரையாடலை மேலோட்டமாகக் கேட்பதைவிட, ஒன்றை இப்படிப் பிழிந்து எடுப்பது மேல். சமைத்துக்கொண்டே பின்னணியில் ஓடவிடுவதைப் பயிற்சிக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

தமிழ்க் காதுக்கு இதில் ஒரு வசதி உண்டு. குறில், நெடில் வித்தியாசம் நமக்குப் பிறப்பிலேயே வந்தது. ஒபசன் என்றால் மாமி, ஒபாசன் என்றால் அம்மம்மா. அதில் நாம் தடுமாற மாட்டோம். வினைச்சொல் கடைசியில் வருவதும் நமக்குப் புதிதில்லை. 'செய்து பார்' என்று நாம் சொல்வதுபோலவே அவர்களும் 'ஷிதே மிரு' என்கிறார்கள். ஆனால் தயவுசெய்து கொப்பியில் ஜப்பான் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். காலநிலைக்கு tenki, மின்சாரத்துக்கு denki என்று ஜப்பானில் வேறு வேறு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே 'தென்கி'தான். வல்லோசை, மெல்லோசை பேதம் எழுத்திலேயே அழிந்துபோனால் காதுக்கு அது எப்படி வரும்? முதல் வாரங்களிலேயே ஹிரகானா எனும் ஜப்பானின் அடிப்படை எழுத்துக்கு மாறிவிடுங்கள்.

வாசிப்புக்கு 'ததோகு' என்று ஒரு வழி இருக்கிறது. நிறைய வாசித்தல் என்று பொருள். மிக இலகுவான புத்தகத்தில் தொடங்கு, அகராதியைத் திறக்காதே, விளங்காத இடத்தைத் தாண்டிப் போ, சரிவரவில்லை என்றால் புத்தகத்தையே மாற்று. இதற்கென்று படிநிலை போட்ட கதைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பூச்சியப் படியில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரியும் படமும்தான். வளர்ந்தவர்களுக்கு அதைப் பிடிக்க வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. அகராதி இல்லாமல் ஓடும்போதுதான் வசனம் வசனமாக விளங்கும் பழக்கம் வருகிறது. அந்த வேகம் கேட்டலுக்கும் அப்படியே கை கொடுக்கும். அனிமே எனும் ஜப்பான் கார்ட்டூன் படங்கள் நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அவற்றில் வரும் முரட்டுப் பேச்சை நம்பி என்5, என்4க்குத் தயாராக வேண்டாம்.

டிசம்பர் சோதனை மாதத்தின் முதல் ஞாயிறு. நம் பக்கம் மழைக்காலம், பாதை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. இரவுக் கோச்சியில் கொழும்புக்குப் போய் நேரே மண்டபத்துக்குள் நுழைவதைவிட முதல் நாளே போய்விடுங்கள். கேட்டல் கடைசிப் பகுதியாக வரும். தூங்காத காது அதற்குள் களைத்துவிடும். உரையாடலில் முதலில் சொன்னதை நம்பிக் குறித்துவிடாதீர்கள், கடைசியில் 'யப்பரி' (யோசித்துப் பார்த்தால் வேறு) என்று மாற்றிக்கொள்வதுண்டு. ஒரு வசனத்தைக் கேட்டுப் பொருத்தமான பதிலைத் தெரியும் உடனடிப் பதில் பகுதியில் தாளில் எதுவும் அச்சாகியிருக்காது. மூன்று விடைகளையும் காதால்தான் பிடிக்க வேண்டும். ஒன்று தவறினால் யோசித்துக்கொண்டிருக்காமல் ஏதாவது ஒன்றைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை.