வேலூரில் கொலிமேஷன்: துருவ நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள்

நியூட்டோனியன் டெலஸ்கோப்பின் இரண்டு கண்ணாடிகளையும் ஒன்றுக்கொன்று நேராக்கும் வேலைதான் கொலிமேஷன். அதற்கு எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் கடைசியில் துருவ நட்சத்திரத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அது நகராது, நிதானமாகத் திருகைத் திருப்பலாம் என்பது காரணம். கனடாவில் இருப்பவருக்கு அது சரி. வேலூரின் அட்சரேகை 12.9 பாகை. துருவம் இங்கே அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். பல இடங்களில் மலையே மறைத்துவிடும். தெரிந்தாலும் அதன் ஒளி, உச்சி வானத்து ஒளியைவிட நான்கு மடங்குக்கும் மேலான காற்றைக் கடந்து வருகிறது. பகலெல்லாம் காய்ந்த பாறை விடும் சூடு வேறு. அப்படிக் கொதிக்கிற பிம்பத்தை நம்பித் திருகினால் நன்றாக இருந்ததும் கெடும்.

பகல் வேலையை முதலில் முடித்துவிடலாம். 8 அங்குல எஃப்/6 (குவியத் தூரம் கண்ணாடி விட்டத்தைப்போல் 6 மடங்கு) டாப்சோனியனை, அதாவது எளிய தாங்கியில் கையால் திருப்பும் நியூட்டோனியனை, எடுத்துக்கொள்வோம். குழாயைப் படுக்கவைத்தே செகண்டரியை (மேல்முனையில் உள்ள சிறிய சாய்வுக் கண்ணாடி) தொடுங்கள். நிமிர்ந்திருந்தால் கை நழுவும் ஆலன் கீ நேரே அடியில் உள்ள பெரிய கண்ணாடியான பிரைமரியில் விழும். பிரைமரியின் நடுவில் குறி இல்லையென்றால், ஃபைல் தாள் துளைக்கு ஒட்டும் வளைய ஸ்டிக்கர் போதும். அந்த இடம் செகண்டரியின் நிழலில் இருப்பதால் ஒளி இழப்பு கிடையாது.

ஃபோகசரில் (ஐபீஸைப் பொருத்தும் குழாய்), நடுவில் 2 மி.மீ. துளையிட்ட மூடியைப் போட்டுப் பாருங்கள். செகண்டரி வட்டமாகவும் ஃபோகசருக்கு நடுவிலும் தெரிய வேண்டும். பிறகு செகண்டரியின் மூன்று சாய்வுத் திருகுகளால், பிரைமரியின் கிளிப்புகள் எல்லாம் சம அளவில் தெரியும்படி செய்யுங்கள். ஒன்றைத் தளர்த்திவிட்டுத்தான் மற்றதை இறுக்க வேண்டும். கடைசியாக, பிரைமரித் திருகுகளால் மூடித் துளையின் பிம்பத்தை வளையத்துக்குள் கொண்டுவாருங்கள். செகண்டரியின் கறுப்பு நிழல் மட்டும் பிரைமரி பக்கமாகச் சற்று விலகி நிற்கும். எஃப் எண் குறையக் குறைய இது கூடும். அது இயல்பு, அதை நடுவுக்கு இழுக்கப்போய்த்தான் பலர் முழு நாளைத் தொலைக்கிறார்கள்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? கோமா (நட்சத்திரம் வால்போல் இழுபட்டுத் தெரியும் குறை) தொந்தரவு இல்லாத வட்டத்தின் விட்டம் எஃப்/8-ல் சுமார் 11 மி.மீ., எஃப்/6-ல் 4.7, எஃப்/5-ல் 2.8 மட்டுமே. அதனால்தான் 6 அங்குல எஃப்/8 வைத்திருப்பவர்கள் கவலையில்லாமல் இருக்கிறார்கள்.

கொலிமேஷனுக்கென்று விற்கும் மலிவு லேசரை வாங்கியவுடன் நம்பாதீர்கள். ஒரே இடத்தில் வைத்து உருட்டுங்கள். ஐந்து மீட்டர் தள்ளிச் சுவரில் புள்ளி வட்டம் போட்டால் லேசரே கோணல்.

இரவு வேலைக்கு உச்சிக்கு அருகே கடக்கும் நட்சத்திரங்களை எடுங்கள். சித்திரையில் மகம் அல்லது உத்திரம், புரட்டாசியில் திருவோணம், தை, மாசியில் ரோகிணி. உத்திரத்தின் ஒளியளவு 2.1, கண் கூசாது; இந்த வேலைக்கென்றே அமைந்ததுபோல. நேர் உச்சியில் டாப்சோனியனைத் திருப்புவது பெரும்பாடு. உச்சியைக் கடக்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதோ கடந்து அவ்வளவு நேரம் ஆன பிறகோ பாருங்கள். 65 பாகைக்கு மேலேயே இருக்கும்.

10 மி.மீ. ஐபீஸ், உருப்பெருக்கத்தை இரட்டிக்கும் 2 மடங்கு பார்லோ லென்ஸ்: 1200 மி.மீ. குவியத் தூரத்துக்கு 240 மடங்கு. ப்ளோசல் என்ற சாதாரண வகை ஐபீஸில் நட்சத்திரம் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு 50 நொடியில் ஓடிவிடும். இந்த ஓட்டமே நமக்கு உதவி. ஃபோகஸைத் துளி விலக்கி, நட்சத்திரம் விரிந்து தெரியும் வளையங்கள் ஒரே மையத்தில் அமைவது காட்சிப் பரப்பின் எந்த இடத்தில் என்று கவனியுங்கள். நடுவில் என்றால் வேலை முடிந்தது. ஓரத்தில் என்றால் நட்சத்திரத்தை அங்கே வைத்து, பிரைமரித் திருகால் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். நண்பர் ஒருவர் பின்னால் நின்று திருகினால் பாதி நேரத்தில் முடியும். லாக் திருகை இறுக்கும்போதும் கண்ணை எடுக்காதீர்கள், அந்த இறுக்கமே கண்ணாடியை நகர்த்தும்.

இதெல்லாம் கண்ணாடி ஆறிய பிறகுதான். மாடி அறையில் வெந்த கண்ணாடி வெளியே எடுத்தவுடன் படம் காட்டாது. பின்னால் ஒரு கம்ப்யூட்டர் ஃபேன் வைத்து ஒரு மணி நேரமாவது விடுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்தால் வேர்த்துவிடும். டெலஸ்கோப்பை வைக்க சிமென்ட் தளத்தைவிட மண் தரை நல்லது.

வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறி, 2.34 மீட்டர் டெலஸ்கோப் நிற்கும் காவலூர்ப் பக்கம் இருட்டைத் தேடிப் போகிறவர்கள், வீட்டில் செய்ததை நம்பாமல் இறக்கிவைத்த பின் இன்னொரு முறை பாருங்கள். பிரைமரிக்குக் கீழுள்ள ஸ்பிரிங்குகள் சொத்தையாக இருந்தால் வளைவுப் பாதையின் குலுக்கலுக்குத் தாங்காது. கெட்டியான ஸ்பிரிங் மாற்றுவது சுலபம்.

எல்லாம் செய்தும் நட்சத்திரம் முக்கோணமாகத் தெரிந்தால் கொலிமேஷனைக் குறை சொல்லாதீர்கள். கிளிப்புகள் கண்ணாடியைக் கவ்வுகின்றன. ஒரு தாள் நுழையும் இடைவெளி வரும்வரை தளர்த்திவிட்டு, மறுபடி மூடித் துளையிலிருந்து தொடங்குங்கள்.