பிச்சியைச் சிறுநீரக உணவுக்குப் பழக்கிய கதை

பூனைக்குச் சிறுநீரக நோய் என்று தெரிந்ததும் டாக்டர் முதலில் சொல்வது உணவை மாற்றச் சொல்லித்தான். பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கிண்ணத்தில் போட்டால், பூனை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அடுத்து என்ன செய்வது என்று திகைத்து நிற்பவர்கள் நிறைய பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பிச்சிக்கு 11 வயது. தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாக ஆரம்பித்தது. அவள் சிறுநீர் கழிக்கும் மணல் பெட்டியில் (லிட்டர் பாக்ஸ்), சிறுநீர் பட்டு மணல் திரளும் கட்டிகள் பெரிதாயின. தடவிக் கொடுக்கும்போது முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிட்டு, நாள்பட்ட சிறுநீரக நோய், இரண்டாம் நிலை என்றார் டாக்டர். ஐரிஸ் என்ற சர்வதேச அமைப்பு இந்த நோயை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், பூனையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 1.6 முதல் 2.8 மில்லிகிராம் வரை இருந்தால் அது இரண்டாம் நிலை. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது என்பதால், மெலிந்துபோன பூனைக்கு அந்த எண் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அதனால் தசை அளவை அவ்வளவாகச் சாராத எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்தார்கள். உங்கள் பூனைக்கும் அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

உணவை ஏன் மாற்ற வேண்டும்? முக்கியக் காரணம் பாஸ்பரஸ். பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரிவர வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது தேங்கத் தேங்க, மிச்சமிருக்கும் சிறுநீரகமும் கெடுகிறது. சிறுநீரக உணவில் பாஸ்பரஸ் குறைவு. புரதம் அளவாக, ஆனால் தரமானதாக இருக்கும். உப்பும் குறைவு. ஒமேகா-3 கொழுப்பு, பொட்டாசியம், சிறுநீரோடு வீணாகப் போகும் பி வைட்டமின்கள் எல்லாம் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள். இதைச் சாப்பிடும் பூனைகளுக்கு ரத்தத்தில் கழிவு ஏறி நிலைமை மோசமாகும் நெருக்கடிகள் குறைவதாகவும், அவை கூடுதல் காலம் வாழ்வதாகவும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இந்தப் பலன் எல்லாம் பூனை அதைச் சாப்பிட்டால்தான்.

பிச்சி சாப்பிடவில்லை. குட்டியிலிருந்து ஒரே மீன் வாசனை டிரை ஃபுட்டைக் கடித்துப் பழகியவள் அவள். பூனையின் விருப்பம் பெரும்பாலும் குட்டிப் பருவத்திலேயே உருவாகிவிடுகிறது. புது வாசனை, புதுப் பதம் என்றாலே சந்தேகம்தான். பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பியின் மரபணு அதன் உடலில் செயலிழந்துவிட்டது என்பதை 2005இல் கண்டுபிடித்தார்கள். மனித நாக்கில் சுமார் 9,000 சுவை மொட்டுகள், நாய்க்கு சுமார் 1,700, பூனைக்கு ஐந்நூறுகூடக் கிடையாது. அதனால் நாக்குக்கு முன்பே மூக்கு முடிவு செய்துவிடுகிறது.

டிரை ஃபுட்டின் ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாவைச் சுட்டெடுத்த பிறகு, மேலே கொழுப்பையும் ஈரல் சாற்றையும் பூசுகிறார்கள். பூனை உணவாக இருந்தால் பல சமயம் பாஸ்பரஸ் அடங்கிய பைரோபாஸ்பேட் உப்புகளும் சேர்கின்றன, பூனைகளுக்கு அந்தச் சுவை பிடிக்கும் என்பதற்காக. இப்படிச் சேர்க்கப்படும் கனிம பாஸ்பேட், இறைச்சியில் இயல்பாக இருக்கும் பாஸ்பரஸைவிட எளிதாக ரத்தத்தில் கலக்கும். கனிம பாஸ்பேட்டை அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஆரோக்கியமான பூனைகளின் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. இவ்வளவு முக்கியமான பாஸ்பரஸ் அளவைப் பல உணவுகளின் லேபிளில் அச்சிடுவதே இல்லை. இது எனக்கு இன்றும் கோபம் வரவழைக்கும் விஷயம். கம்பெனிக்கு எழுதி, 100 கிலோகலோரிக்கு எத்தனை மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று கேளுங்கள். சதவீதத்தைவிட இந்தக் கணக்குதான் ஒப்பிட உதவும்.

ஈர உணவையும் உலர் உணவையும் ஒப்பிடும்போது தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். பவுச்சில் புரதம் 10 சதவீதம், ஈரப்பதம் 78 சதவீதம் என்றிருந்தால், மீதமுள்ள 22இல் 10 பங்கு புரதம். அதாவது சுமார் 45 சதவீதம். உலர் உணவில் 32 சதவீதம் என்று போட்டிருந்தாலும், 8 சதவீத ஈரத்தைக் கழித்தால் 35 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

சரி, இனி மாற்றிய விதத்துக்கு வருகிறேன். டாக்டர் முதலில் புது உணவைத் தரவே இல்லை. "குமட்டல் இருக்கும்போது புதுசா ஒண்ணைக் கொடுத்தா, அந்தச் சாப்பாட்டாலதான் வயிறு பிரட்டுதுன்னு அவ மனசுல பதிஞ்சிடும். அப்புறம் காலம் முழுக்கத் தொட மாட்டா" என்றார். பிச்சி கிண்ணத்தருகே ஆசையாக வருவாள், உதட்டை நக்குவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவையெல்லாம் குமட்டலின் அடையாளங்கள். அதற்கு மருந்து கொடுத்து, பழைய உணவையே நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் மாற்றத்தைத் தொடங்கினோம். இந்தக் காத்திருப்புதான் எல்லாவற்றையும்விட உதவியது என்று நினைக்கிறேன். அதே காரணத்துக்காக, மாத்திரையைப் புது உணவில் ஒளித்துக் கொடுக்கவும் கூடாது.

இன்னொரு கண்டிப்பான விதி: பட்டினி போட்டுப் பணிய வைக்கக் கூடாது. நாய்க்குச் செய்வதுபோல "பசித்தால் தானே தின்னும்" என்று பூனையை விட்டுவிட முடியாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், குண்டான பூனைக்கு இன்னும் அதிகமாக. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் பழைய உணவைக் கொடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட எல்லை.

பழைய கிண்ணத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் ஓர் அகலமான தட்டில் ஒரு தேக்கரண்டி புது உணவு வைத்தோம். முதலில் கட்டாயம் எதுவும் இல்லை, மோந்து பார்த்தாலே போதும். மசித்த பதத்தில் இருந்ததை அவள் தொடவே இல்லை. குழம்போடு துண்டு துண்டாக இருந்ததை நக்கிப் பார்த்தாள். ஒரே சிறுநீரக உணவு பல பதங்களில், பல கம்பெனிகளில் வருகிறது. ஒன்று பிடிக்கவில்லை என்பதால் எதுவுமே பிடிக்காது என்று அர்த்தமில்லை. பெரிய பையாக வாங்காமல் டாக்டரிடம் சாம்பிள் கேட்டது நல்லதாகப் போயிற்று.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் வாசனையே எழும்பாது. பவுச்சை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு, உடல் சூட்டுக்கு, அதாவது 38 டிகிரி செல்சியஸை ஒட்டி, கொண்டுவந்ததும் அவள் நடந்து வந்த வேகமே வேறு. மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடம் மட்டும் கொதிக்கும், நாக்கு சுட்டுவிடும். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் கோழி வேகவைத்த நீரை ஒரு ஸ்பூன் மேலே ஊற்றினோம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிப்பவை, துளிகூட வேண்டாம். டின் மீன் தண்ணீரிலும் உப்பு ஏராளம்.

புது உணவை ஆர்வமாக நக்க ஆரம்பித்ததும் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். சாதாரண உணவு மாற்றத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் என்பார்கள். எங்களுக்கு அதைவிட ரொம்ப நாள் பிடித்தது. ஒரு படி ஏறி இரண்டு படி இறங்கிய வாரங்களும் உண்டு. வாராவாரம் எடை பார்த்தோம், ஏனென்றால் தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெலிவு தெரியாது. 4 கிலோ பூனைக்கு ஓய்வு நிலையிலேயே நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோகலோரி வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் டிரீட்டாகப் போனால் சிறுநீரக உணவின் சமநிலை கெட்டுவிடும்.

முழுதாக மாற மறுக்கும் பூனைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு உணவோடு சேர்ந்து பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் மருந்துகள் இருக்கின்றன. பாஸ்பரஸ் குறைந்த சாதாரண ஈர உணவையும் சில சமயம் டாக்டர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். பிச்சியும் இரவில் மட்டும் ஒரு சின்னக் கைப்பிடி பழைய டிரை ஃபுட் சாப்பிடுகிறாள். அடுத்த பரிசோதனையில் பாஸ்பரஸ் இறங்கியிருந்தது, கிரியாட்டினின் ஏறவில்லை, எடையும் சற்றுக் கூடியிருந்தது. அதைப் பார்த்த டாக்டர், அந்தக் கைப்பிடி அப்படியே இருக்கட்டும் என்றார்.

சமீபத்தில் மறுபடியும் சாப்பாட்டைத் தள்ளினாள். இந்த முறை ஒரு பக்கமாகவே மென்றதைக் கவனித்து வாயைப் பார்க்கச் சொன்னோம். ஒரு கடைவாய்ப் பல் வேரோடு கரைந்திருந்தது. சிறுநீரக நோய் இருப்பதால் டிரிப்ஸ் ஏற்றி, ரத்த அழுத்தத்தைக் கவனித்தபடி மயக்கம் கொடுத்து, அதை எடுத்தார்கள். வலி அடங்கியதும் அதே பவுச்சைத் தட்டில் வைத்தோம், காலி செய்துவிட்டாள்.