சிவமயம், ராத்திரி ஃபீஸ் எவ்வளவு?

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தே முக்கால் இருக்கும். வீட்டின் இரண்டாம் கட்டில் எங்கள் நாய் வீரன் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை நக்கி நக்கி நடைவரை தள்ளிக்கொண்டு போனான். மறுநாள் பாயசத்துக்கு ஆத்தா (எங்கள் பக்கம் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) காம்பு கிள்ளி வைத்திருந்த உலர் திராட்சை, 100 கிராமும் காலி. பக்கத்துக் கிண்ணத்தில் முந்திரி அப்படியே இருந்தது.

நாய்க்குத் திராட்சை ஆகாது, சிறுநீரகத்தையே முடக்கிவிடும் என்று எங்கோ படித்தது எனக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது. போனை எடுத்தேன். அப்பச்சி, அதாவது அப்பா, பேனாவை எடுத்தார். வரவு செலவு எழுதாமல் எங்கள் வீட்டில் தும்மல்கூட வராது. காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பி, மேலே 'சிவமயம்' எழுதி, கோடு போட்டுத் தயாராகிவிட்டார்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆனாலும் ராத்திரி பதினொரு மணிக்கு மாட்டு டாக்டர் வேண்டும் என்றால் இன்னும் கிராமம்தான். முதல் நம்பர் எடுக்கவே இல்லை. இரண்டாவது டாக்டர் தூக்கத்திலும் தெளிவாகச் சொன்னார்: "பகல்ல 300, ஒன்பது மணிக்கு மேல 600, வீட்டுக்கு வந்தா 1,000. ஊசி மருந்து தனி." மதுரையில் ஓர் இடத்தில் 800. ஆனால் 90 கிலோமீட்டர் போக வர வாடகைக் கார் 3,500, டிரைவர் பேட்டா வேறு.

"டாக்டருக்கு எண்ணூறு, காருக்கு மூவாயிரத்து ஐந்நூறா? பேசாம அந்த டிரைவரையே ஊசி போடச் சொல்லு" என்றார் அப்பச்சி.

சென்னையில் இருக்கும் அக்கா தன் பூனைக்கு ராத்திரியில் 1,500 அழுத கதையைச் சொன்னாள். அதையும் குறித்துக்கொண்டார். சென்னைக்கு யாரும் போகப்போவதில்லையே என்றேன். "ஒப்பிட்டுப் பார்க்க வேணாமா?" என்றார். அரசு கால்நடை மருத்துவமனையில் காலை எட்டு மணிக்குக் காசில்லாமல் பார்ப்பார்கள் என்றதும், அந்த வரிக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு.

சரி, 600 டாக்டரையே பிடிப்போம் என்று மறுபடி கூப்பிட்டேன். எடை கேட்டார். வீரனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, அப்புறம் என் எடையைக் கழித்தால் 18 கிலோ. (என் எடையை இங்கே சொல்வதாக இல்லை.) "இவ்வளவு தின்னா ஆபத்துன்னு திராட்சைக்குக் கணக்கே கிடையாது சார். தின்ன சூட்டோட வாந்தி எடுக்க வைக்கணும், இப்பவே கொண்டாங்க. அப்புறம் ரெண்டு மூணு நாள் டிரிப்ஸ், கிட்னிக்கு ரத்தப் பரிசோதனை. திராட்சையில இருக்கிற டார்டாரிக் அமிலம்தான் காரணம்னு இப்ப சொல்றாங்க. புளியிலயும் அது உண்டு, புளிச்சோறும் வைக்காதீங்க" என்றார்.

அப்பத்தா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தினமும் அவனுக்கு ரசஞ்சோறு வைப்பது அவர்தான்.

மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். ஆறாயிரத்துக்குக் குறையாது என்றார் டாக்டர். ஸ்பீக்கரில்தான் இருந்தது. அப்பச்சியின் பேனா நின்றது.

"முந்திரிய விட்டுட்டுத் திராட்சைய மட்டும் பொறுக்கித் தின்ன நாய நான் பார்த்ததில்லை" என்று விட்டத்தைப் பார்த்துச் சொன்னார் அப்பத்தா.

ஆத்தா திரும்பி அப்பச்சியைப் பார்த்தார். அப்பச்சி சர்க்கரைக்கு மாத்திரை போட ஆரம்பித்து எட்டு வருஷம். முந்திரி அவருக்கு எப்போதுமே பிடிக்காது.

"கிண்ணத்தை மட்டும்தான் கீழ வச்சேன்" என்றார், ஆறாயிரத்தைப் பார்த்தபடியே.

போனில் டாக்டர் ஒரு நிமிஷம் பேசவில்லை. சிரித்திருப்பார். "அது மனுஷ டாக்டர் கேஸுங்க" என்று வைத்துவிட்டார். இரண்டு முறை எழுப்பிய பாவத்துக்கு ஜிபேயில் 300 அனுப்பினேன்.

அப்பச்சி விடவில்லை. தாளின் அடியில் 'நாய் செலவு, 300' என்று எழுதினார். ஆத்தா பேனாவைப் பிடுங்கி, 'நாய்' என்பதை மட்டும் அடித்துவிட்டு மேலே அவர் பெயரை எழுதினார்.