ஒரே கூரையில் கோயிலும் பள்ளிக்கூடமும்

ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் சேர்க்கும் நேரம் இது. அந்தச் சுவர் ஏன் எழுந்தது, எதனால் ஆனது என்பதை இந்தச் சிறப்பு மலரில் பதிந்து வைப்பது நல்லது.

நம் பக்கத்துக் கத்தோலிக்கச் சபைகள் மறவர் சீமையில், அதாவது இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம், வேர்விட்டவை. ஓரியூரில் சேசு சபைச் சாமியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்டது 1693 பிப்ரவரி 4. 1773-இல் அந்தத் துறவற சபையே கலைக்கப்பட்டது. சின்ன சவேரியார் என்று மக்கள் அழைத்த ரோசி சாமியார் மறு ஆண்டே சருகணியில் காலமானார். பிரெஞ்சு சேசு சபையினர் 1838-இல் வந்து மதுரை மிஷனை மறுபடி தொடங்கும்வரை, சாமியார் முகம் காண்பதே கிராமத்துக்கு அபூர்வம். ஊர்ச் சபையைக் கலையாமல் பிடித்து வைத்தவர், சாமியாருக்குப் பதில் வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்தான். ஞாயிற்றுக்கிழமை செபம், சாகக் கிடக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம், அடக்கம் எல்லாம் அவர் பொறுப்பு. மற்ற நாளில் அவரே வாத்தியார்.

ஆகவே கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே கொட்டகை போதுமாக இருந்தது. தரையில் மணல் பரப்பி விரலால் அகரம், கை பழகியபின் ஓலையும் எழுத்தாணியும், கணக்கு வாய்ப்பாடான எண்சுவடி வாய்ப்பாடம். செப மந்திரங்களும் வாய்ப்பாடம்தான்.

இந்தியக் கல்வி பற்றி 1854-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து வந்த உட் அறிக்கைக்குப்பின் தனியார் பள்ளிகளுக்கும் அரசு மானியம் வந்தது. கூடவே வருகைப் பதிவேடும் இன்ஸ்பெக்டரும் வந்தார்கள். கதிரறுப்பில் பிள்ளைகள் வயலுக்குப் போனால் பதிவேடு காலி, மானியமும் ஆட்டம் காணும். அடுத்த ஊர் அடக்கத்துக்கு உபதேசியார் போனால் பள்ளிக்கூடமே பூட்டு. வாத்தியார் தனி, உபதேசியார் தனி, கட்டடமும் தனி என்று பிரிந்ததற்குப் பக்தியைவிட இந்தப் பதிவேடுதான் பெரிய காரணம் என்பேன்.

இனிக் கட்டடம். செட்டிநாட்டுப் பூச்சு என்றதும் முட்டை வெள்ளைக்கருவைச் சொல்வார்கள். அது செட்டியார்களின் பெரிய வளவு வீடுகளுக்கு. பள்ளிக்கூடத்துக்கு யார் முட்டை உடைப்பார்கள்? இங்கே வெறும் சுண்ணாம்புச் சாந்து, மிஞ்சினால் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். சுண்ணாம்பைக் குழியில் நீற்றி, தண்ணீர் வற்றாமல் பதினைந்து நாளாவது கிடக்கவிட வேண்டும். அவசரப்பட்டால் நீறாத கட்டிகள் சுவரில் ஏறியபின் ஈரம் குடித்து உப்பி, பூச்சைத் தெறிக்க வைக்கும். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு அல்லது இரண்டரை. ஒரே தடவையில் அரை அங்குலத்துக்கு மேல் அப்பினால் வெடிக்கும். வெயிலில் சட்டென்று காய்ந்தாலும் வெடிக்கும். சில நாள் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்குத் தொங்கவிட வேண்டும்.

இதன்மேல் சிமெண்ட் பூசலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. வேண்டாம். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும். உப்புப் பூத்துச் செங்கல் மாவாய் உதிரும், சிமெண்ட் பத்தையாகக் கழன்று விழும். பிளாஸ்டிக் பெயிண்டும் அதே வேலையைத்தான் செய்யும். வெள்ளையடித்தால் போதும்.

கூரை நாட்டு ஓடு. அதைத் தாங்கும் பனஞ்சட்டங்களான பனங்கைகள் வைரம் பாய்ந்த மரமாக இருந்தால் கறையான் லேசில் தொடாது. மெத்தென்ற உள்சோறு ஒட்டியிருந்தால் அங்கிருந்துதான் தொடங்கும். முதலில் இற்றுப்போவது சுவருக்குள் புதைந்த நுனி, வெளியே தெரியாது. ஓட்டைப் பிரிக்கும்போது ஒவ்வொரு நுனியையும் உளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஓடு மூடியாக வேண்டும். ஆகவே வேலையை ஆனியில் தொடங்கினால்தான் பூச்சு ஆறவும் நாள் கிடைக்கும்.