இரண்டு கடிதத் துண்டுகளும் ஒரு மணல் சாக்கும்

நம் கல்லூரி மலருக்கு எழுதித் தாருங்கள் என்று செயலாளர் மூன்று முறை போன் எடுத்துவிட்டார். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் 1974இல் ஒரு சனிக்கிழமை காலை திருகோணமலைக் கோட்டைக்குள் எங்களுக்கு நடந்த ஒரு சரித்திரப் பாடத்தை எழுதுகிறேன். பாடம் நடத்திய சேரின் பெயரைப் போடவில்லை. அவரிடம் படித்தவர்களுக்கு ஆள் யார் என்று தெரியும்.

பிரட்றிக் கோட்டை நம்மவர்களுக்குப் புதிதல்ல, கோணேசர் கோயிலுக்கு எத்தனையோ வெள்ளிக்கிழமை அதன் வழியாக நடந்திருக்கிறோம். ஆனால் வாசல் கல்லில் செதுக்கியிருக்கும் மீன்களை அதற்கு முன் நான் நின்று பார்த்ததில்லை. சேர் என் கையைப் பிடித்து அந்த மீனின் மேல் வைத்தார். கல் குளிர்ந்திருந்தது, செதில்கள் தேய்ந்து விரலுக்கு இலேசாகத்தான் தட்டுப்பட்டன. பழைய கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள் என்று அவர் சொன்னபோது நாங்கள் பதினொரு பேரும் வாய் திறக்கவில்லை.

உள்ளே மான்கள் மேய்ந்துகொண்டிருந்த இடத்தைத் தாண்டி ஒரு பழைய வீடு. வெல்லிங்டன் வீடு என்பார்கள். பின்னாளில் வோட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆர்தர் வெல்லஸ்லி 1800 டிசம்பரில் இங்கே வந்திறங்கியபோது வெறும் கேணல். வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த அவருடைய அண்ணன் ரிச்சர்ட், மொரீசியஸ் மீதோ பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) மீதோ அனுப்புவதற்காகத் திருகோணமலையில் ஒரு படையைத் திரட்டி, அதற்குத் தம்பியைத் தலைவனாக்கினார். பிறகு படை எகிப்துக்குப் போக வேண்டும் என்று ஆனது, அதோடு தலைமையும் மேஜர் ஜெனரல் டேவிட் பெயர்டுக்கு மாறியது. பெயர்டு ஹைதர் அலியின் சிறையில் வருடக் கணக்கில் கிடந்தவர், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து மதிலில் முன்னால் நின்று ஏறியவர். அன்றைக்கு நகரம் பிடிபட்டதும் அதன் பொறுப்பை வெல்லஸ்லிக்குக் கொடுத்துவிட்டார்கள், அந்தக் கோபம் பெயர்டுக்கு இருந்தது. இப்போது வெல்லஸ்லிக்கு அதே வலி. அவர் பம்பாய்க்குப் போய்க் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அவர் ஏற வேண்டிய கப்பல் அவரில்லாமலே போனது, செங்கடலில் அது மூழ்கியும் போனது.

“தளபதியை யார் தெரிவு செய்தது? கல்கத்தாவிலிருந்து ஒரு கடிதம்” என்றார் சேர். இதை அவர் வீட்டைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை எங்களை நான்கு குழுவாகப் பிரித்தார். ஒன்று டச்சுக்குடா கடற்கரை, ஒன்று பெரியகடை, ஒன்று கோட்டை வாசல், எங்களுடையது கல்லூரி வாசல். நான்கும் பத்து மணிக்குக் கோயில் வாசலில் சேர வேண்டும், ஒவ்வொரு குழுவும் கடற்கரை மணல் நிரப்பிய ஒரு சாக்கைக் காவிக்கொண்டு வர வேண்டும். “தம்பி, நீர்தான் கப்டன்” என்று என்னிடம் ஒரு கடிதத் துண்டைத் தந்தார். ஏன் என்னை என்று இன்றுவரை தெரியாது. சாக்கு எங்கள் குழுவில் உயரமான ஒரு நண்பனின் தோளுக்குப் போனது, அவனை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்பதேகாலுக்கு சைக்கிளில் ஒரு சின்னப் பையன் இரண்டாவது துண்டைக் கொண்டுவந்தான். “மற்றக் குழுக்கள் இன்று புறப்படா. நீர் ஒன்பதரைக்குப் புறப்படும்” என்று இருந்தது. நான் என்ன செய்வேன், புறப்படச் சொல்லியிருக்கிறது, புறப்பட்டேன். கோயில் படியில் நாங்கள் மூன்று பேர், ஒரு மணல் சாக்கு, வேறு யாரும் இல்லை. பத்தே முக்கால் வரை இருந்தோம். நண்பன் சட்டையைக் கழற்றிக் காட்டினான், தோளில் சணல் பின்னல் அப்படியே சிவப்பாகப் பதிந்திருந்தது.

சேர் வந்தார், துண்டை வாங்கி உரக்க வாசித்தார், அப்புறம் ஜோன்ஸ்டனின் கதையைச் சொன்னார்.

1804இல் கண்டியை ஆறு பக்கத்தாலும் ஒரே நேரத்தில் தாக்குவது என்று ஆங்கிலேயர் திட்டமிட்டார்கள். மட்டக்களப்பில் இருந்த கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டனுக்குக் கட்டளை போனது. பிறகு பெரிய படையெடுப்பு கைவிடப்பட்டது. ஆனால் அவருக்குப் போன இரண்டாவது கடிதத்தில் போக வேண்டாம் என்று தெளிவாக இல்லை, புறப்படும் நாள்தான் இருந்தது. செப்டெம்பர் 20ஆம் திகதி சுமார் 300 வீரர்களோடு புறப்பட்டு, காடும் மலையும் ஏறி, வழியெல்லாம் சண்டை பிடித்து, ஒக்டோபர் 6ஆம் திகதி கண்டிக்குள் நுழைந்தார். நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. மற்ற ஐந்து படையும் வரவில்லை. இரண்டொரு நாள் பார்த்துவிட்டு, மகாவலியைக் கடந்து, நோயாளிகளையும் காயக்காரரையும் தூக்கிக்கொண்டு நம் திருகோணமலைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

அதற்கு முந்திய வருடக் கதை இன்னும் கொடியது. 1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டோவல் கொழும்பிலிருந்தும் கேணல் பாபட் திருகோணமலையிலிருந்தும் போய்க் கண்டியைப் பிடித்தார்கள். மக்டோவல் திரும்பிவிட்டார், பாபட் காய்ச்சலில் இறந்தார், பொறுப்பு மேஜர் டேவியின் தலையில் விழுந்தது. ஜூன் 24இல் சரணடைந்து, திருகோணமலைக்குப் போக அனுமதி வாங்கி, பெருகியோடிய மகாவலிக் கரையில் கடக்க முடியாமல் நின்றார்கள். அங்கேயே பெரும்பாலோர் வெட்டப்பட்டார்கள். டேவி சாகும்வரை கண்டியில் கைதி. மலாயப் படை அதிகாரி நூருதீனைக் கண்டி அரசன் தன் பக்கம் வரச் சொல்லிக் கேட்டான், அவர் மறுத்தார், அவரையும் அவர் சகோதரரையும் கொன்றார்கள்.

யார் இந்த மலாயர்? ஒல்லாந்தர் ஜாவாப் பக்கத்துத் தீவுகளிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த அந்தப் படையை ஆங்கிலேயர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இங்குள்ளவர்கள் கூலிப்படையில் சேர அவ்வளவாக முன்வரவில்லை. அதனால் மதராஸ் பக்கத்துச் சிப்பாய்கள், போர்த்துக்கேயரின் கோவாவிலும் மொசாம்பிக்கிலும் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்ட ஆபிரிக்கர்கள் என்று ஆள் சேர்த்தார்கள். சேர் அந்த ஆபிரிக்கர்களைப் பற்றிச் சொன்னபோது எங்களோடு இருந்த பாலையூற்று நண்பன் ஒருவன் தலை நிமிர்த்திப் பார்த்தான். “எங்கட அம்மம்மாட ஆக்கள்” என்று மட்டும் சொன்னான். சேர் அவனைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டு, அம்மம்மா என்னென்ன சொல்லியிருக்கிறார் என்று அரை மணி நேரம் கேட்டார். அன்றைக்குப் பாடம் எடுத்தது அவன்தான் என்றே சொல்லலாம்.

ஜோன்ஸ்டனோடு போனவர்களில் சண்டைக்காரரைவிடச் சுமை காவியவர்கள்தான் அதிகம். அரிசி, வெடிமருந்து, டூலி என்ற தூக்குக் கட்டிலில் காயக்காரர். ஜோன்ஸ்டன் பிறகு தன் பயணத்தைப் புத்தகமாக எழுதினார், 1810இல் அச்சானது. அதில் அதிகாரிகளின் பெயர்கள் உண்டு. காவியவர்கள் ஒரு தொகையாகத்தான் எண்ணப்படுகிறார்கள். எனக்கு இது இன்றும் பொறுக்கவில்லை. மட்டக்களப்பில் புறப்பட்டு ஒரு மாதம் சுமை தூக்கியவனுக்கு ஒரு தாய் வைத்த பெயர் இருந்திருக்கும்.

போன வருடம் ஊருக்குப் போனபோது அந்த உயரமான நண்பனும் கனடாவிலிருந்து வந்திருந்தான். இரண்டு பேரும் கோயிலுக்கு நடந்தோம். வெல்லிங்டன் வீட்டைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் அவன் நின்றுவிட்டான். “இந்த இடத்திலதான்டா நான் சாக்கை இறக்கப் பார்த்தன், நீ விடேல்ல” என்றான். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவன் வலது கை தானாக இடது தோளுக்குப் போனது.