இரண்டு மணி நேரத் தீர்ப்பு

ஊடாடு புனைவுக்கென, அதாவது ஆடுபவரின் கட்டளைக்கோ தேர்வுக்கோ ஏற்ப நகரும் எழுத்துவழிக் கதையாட்டங்களுக்கென, ஆண்டுதோறும் நடக்கும் ஐஎப்காம்ப் போட்டியில் யார் வேண்டுமானாலும் நடுவராகலாம். குறைந்தது 5 ஆட்டங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டால் போதும். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முதல் 2 மணி நேரத்தில் கண்டதை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். அதன் பிறகும் விளையாடத் தடையில்லை. இட்ட மதிப்பெண்ணை மாற்றத்தான் கூடாது. சில ஆண்டுகளாக நடுவராக இருந்து வரும் எனக்கு, இந்தப் போட்டியின் நன்மை தீமை இரண்டும் இந்த ஒரு விதியிலிருந்தே பிறக்கின்றன என்று தோன்றுகிறது.

1995ஆம் ஆண்டு, இணையத்தின் பழைய விவாத அரங்கான யூஸ்நெட்டின் குழு ஒன்றில் கூடிய ஆர்வலர்களிடையே கெவின் வில்சன் இதைத் தொடங்கியபோது, வணிக நிறுவனங்கள் உரைவழிச் சாகச ஆட்டங்களை ஏறக்குறைய கைவிட்டிருந்தன. வாரக்கணக்கில் மண்டையைக் குடைய வைத்து, வாங்கியவரின் பணத்துக்கு ஈடு செய்வதே அந்நாளைய வணிக ஆட்டங்களின் இலக்கணம். ஓர் அமர்வில் முடியக்கூடிய ஆட்டம் என்ற எண்ணம் வந்ததும், நாவலுக்குப் பக்கத்தில் சிறுகதை முளைத்தது போல ஒரு புதிய வடிவம் முளைத்தது. 1998இல் வென்ற ‘ஃபோட்டோபியா’வில் புதிர் என்று சொல்லத்தக்கது அரிது, கதையின் துண்டுகள் காலவரிசை குலைந்து வருவதும், அவற்றை வாசிப்பவர் மனத்திற்குள் கோத்துக்கொள்வதுமே அதன் ஆட்டம். கடிகாரம் பார்க்காத போட்டியொன்றில் அது அவ்வளவு எளிதாக முதலிடம் பெற்றிருக்குமா என்பது என் ஐயம்.

இதன் மறுபக்கத்தை நானே ஒருமுறை அனுபவித்தேன். நாமே கட்டளை தட்டி ஆடும் பார்சர் வகை ஆட்டம் அது. சுவரில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு விளக்கு, அப்பால் இருட்டு. ‘டேக் லேம்ப்’ என்று தட்டினேன். விளக்கு கொக்கியில் மாட்டியிருக்கிறது என்றது ஆட்டம். ‘புல்’, ‘லிஃப்ட்’, ‘கெட்’ என்று தெரிந்த வினைச்சொற்களையெல்லாம் தட்டிப் பார்த்துத் தோற்று, 40 நிமிடம் கழித்து வழிகாட்டிக் கோப்பைத் திறந்தால், ‘அன்ஹுக் லேம்ப்’ என்றிருந்தது. புதிருக்கு விடை தெரிந்தும் ஆசிரியர் மனத்திலிருந்த வினைச்சொல் தெரியாமல் தவிக்கும் இந்த நோய் அந்த வகைக்கே பழையது. ட்வைன் என்ற மென்பொருளில் எழுதப்பட்டு, திரையிலுள்ள இணைப்புகளைச் சொடுக்கி நகரும் ஆட்டங்களுக்கு அது கிடையாது. போட்டியில் அவை பெருகியதற்கு, எழுதுவதற்கு எளிது என்பதோடு இதுவும் ஒரு காரணமாகலாம். நேரம் முடிந்தபோது நான் விளக்குடன் இரண்டு அறைகளைத்தான் கடந்திருந்தேன். 4 மதிப்பெண் இட்டேன். அன்றிரவே விடாமல் தொடர்ந்து ஆடினேன். மூன்றாவது அறைக்குப் பிறகு வந்த கதை, அவ்வாண்டு நான் வாசித்தவற்றிலெல்லாம் சிறந்தது. விதிப்படி நாலு நாலுதான்.

என்னைப் போன்ற நாலுகளும் வேறு சிலரின் பத்துகளும் ஒரே ஆட்டத்தின்மேல் விழுவது உண்டு. சராசரியை மட்டும் பார்த்தால் அத்தகைய ஆட்டம் நடுவில் எங்கோ புதைந்துபோகும். அதற்காகவே, மதிப்பெண்களின் திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து அவை சிதறிக் கிடக்கும் அளவு, எதற்கு மிக அதிகமோ அதற்குக் ‘கோல்டன் பனானா ஆஃப் டிஸ்கார்டு’ என்றொரு விருதை வைத்திருக்கிறார்கள். பெயர் கேலியாகத் தெரிந்தாலும், முடிவுப் பட்டியலில் முதலிடத்தை அடுத்து என் கண் தேடுவது அந்த வாழைப்பழத்தைத்தான். எல்லோரும் ஏழு போட்ட ஆட்டத்தைவிட, பாதிப் பேர் வெறுத்த ஆட்டத்தில் துணிச்சல் கூடுதலாக இருக்கும்.

நான் நாலு போட்ட ஆட்டத்துக்கு அதுவும் கிடைக்கவில்லை. போட்டி முடிந்து ஆசிரியர் வெளியிட்ட திருத்தப் பதிப்பை எடுத்து ஆடிப் பார்த்தேன். ‘டேக் லேம்ப்’ என்று தட்டியதுமே விளக்கு கைக்கு வந்துவிட்டது.